சர்க்கரை என்று தெரிந்த முதல் மூன்று மாதம்: மொரீசியஸ் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

டிஸ்பென்சரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள், 9.2 என்றார்கள். கையிலிருந்து இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அடுத்த முறை போனபோது அட்டையில் நீரிழிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வழக்கம்போல வேலைக்குப் போகிறீர்கள். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்றுதான் தோன்றும். இந்த நோயின் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. சர்க்கரை 12இல் நின்றாலும் பலருக்கு உடம்பு வாய் திறக்காது. அது வாய் திறக்கும்போது கண்ணிலோ காலிலோ சிறுநீரகத்திலோ சேதம் நடந்து முடிந்திருக்கும். ஆகவே உடம்பு சொல்லட்டும் என்று காத்திருக்காமல், நாமாகப் பார்த்துப் பழக வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று: எண், தட்டு, பாதம்.

எண்ணைப் படிக்கும் விதம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மொரீசியஸில் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டு மருத்துவர்களின் காணொளிகளில் 126, 140, 200 என்று வருவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். 7.0 என்பதும் 126 என்பதும் ஒன்றே.

வெறும் வயிற்றில் (குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல்) 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் நீரிழிவு. 'மூன்று மாதச் சர்க்கரை' என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட்டாலும் அப்படியே. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. இன்னொரு சோதனையும் அதையே சொல்ல வேண்டும். விரல் குத்தும் கருவி எச்சரிக்கை தரும், ஆனால் நோயை உறுதிசெய்வது ஆய்வகம்தான்.

எச்பிஏ1சி 7 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 8.6, 8 என்றால் 10.2, 9 என்றால் 11.8. இரத்தசோகை உள்ளவர்களுக்கும் தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறை உள்ளவர்களுக்கும் இந்த எண் தவறாகக் காட்டக்கூடும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் இலக்கு: வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.2 வரை, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 10க்குக் கீழ், எச்பிஏ1சி 7க்குக் கீழ். தனியாக வாழும் முதியவருக்கும் இருதய நோயாளிக்கும் மருத்துவர் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். கர்ப்பிணிக்கு இன்னும் இறுக்குவார்.

"இரவு ஒன்றும் சாப்பிடவில்லை, காலையில் 9 காட்டுகிறதே" என்று பலர் கலங்குவார்கள். இரவில் கல்லீரல் தானே சர்க்கரையை இரத்தத்தில் விடும். அதை அளவாக நிறுத்தி வைப்பது இன்சுலின். கல்லீரலிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் சரியாகக் கேட்பதில்லை. அதனால் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவது இதற்கு மருந்தாகாது. இடுப்புச் சுற்றளவு குறைவதுதான் மருந்து. நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து, மூச்சை விட்டபின் அளந்து, அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

விரல் குத்துவது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் 6 இருக்க வேண்டிய இடத்தில் 14 வரும். கைத்தூய்மி திரவம் அந்த இனிப்பைப் போக்காது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். கையைத் தொங்கவிட்டு ஆட்டினால் இரத்தம் தானாக வரும். விரலைப் பிழிந்து எடுக்காதீர்கள். இரத்தத்துளியை வைக்கும் சோதனைப் பட்டைகளை அவற்றின் டப்பாவிலேயே மூடி வையுங்கள். கியூர்ப்பீப் பக்கத்து ஈரக்காற்றில் திறந்து கிடந்த பட்டையின் கணக்கை நம்ப முடியாது.

நல்ல கருவிகூட 15 சதவீதம் மேலே கீழே காட்டலாம். உண்மையில் 8.0 இருந்தால் 6.8 என்றும் வரலாம், 9.2 என்றும் வரலாம். அடுத்தடுத்து இரண்டு தடவை குத்தி வேறு வேறு எண் வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

பட்டை விலை கொடுத்து வாங்குவது, ஆகவே அதைப் புத்தியோடு செலவழிக்க வேண்டும். தினமும் காலையில் மட்டும் குத்தி எழுதிக்கொண்டே போனால் அதிலிருந்து கற்பது குறைவு. ஜோடியாகக் குத்துங்கள்: சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒன்று. பக்கத்தில் என்ன, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். 6.5இல் தொடங்கி 8.3இல் முடிந்தால் அந்தத் தட்டு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. 3க்கு மேல் ஏறினால் அதில் மாவுப்பொருள் மிஞ்சிவிட்டது. வாரத்துக்கு மூன்று ஜோடி போதும்: ஒரு நாள் காலை உணவு, ஒரு நாள் மதியம், ஒரு நாள் இரவு. இன்சுலின் போடுபவர்களுக்கு இது போதாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் எண்ணிக்கைப்படி பார்க்க வேண்டும்.

தட்டு

இந்தத் தீவில் தட்டைப் பற்றிப் பேசினால் டோல்பூரியில்தான் தொடங்க வேண்டும். உள்ளே பருப்பு இருப்பதால் நல்லது என்று நினைக்கிறோம். வெளியே இருப்பது மைதா, அதுவும் ஜோடியாகத்தான் தருவார்கள். விட்டுவிடச் சொல்லவில்லை. ஒன்றை எடுங்கள், அதற்குள் குரோ புவா (பெரிய பீன்ஸ்) கறியை அதிகம் வைக்கச் சொல்லுங்கள், கூடவே ஒரு தட்டு வெள்ளரி, தக்காளி. விருந்தில் டோல்பூரியோடு பாயசமும் வரும். அன்று இரண்டில் ஒன்றுதான். ஃபராட்டா, மீன் ஃப்ரீர் (வறுத்த நூடுல்ஸ்), ரொட்டிக்குள் வெண்ணெயும் காத்தோ பிமாவும் (மிளகாய் போட்ட பருப்பு வடை) வைத்த காலைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது ஜோடி குத்திச் சோதியுங்கள். யார் சொல்லையும்விட உங்கள் எண் உங்களுக்குப் புரியவைக்கும்.

சோற்றுக்கு அளவு: வெந்த சோறு 150 கிராமில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து. ஒரு வாரம் மட்டும் தராசில் நிறுத்து, உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் அது எந்தக் கோடுவரை வருகிறது என்று அடையாளம் வையுங்கள். பிறகு தராசு வேண்டாம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, மீன், கோழி அல்லது முட்டை.

அந்தப் பாதித் தட்டை நிரப்ப இந்த மண்ணில் குறைவே இல்லை. முருங்கைக்கீரை இங்கே பிரேட் மூரூம், பீர்க்கங்காய் பிப்பெங்காய். பெயரிலேயே நம் ஊர் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேட் மல்பார் கீரை, லாலோ (வெண்டை), சூசூ (சௌசௌ), கத்தரிக்காய், முட்டைக்கோஸ் எல்லாம் தாராளமாகச் சேரலாம். எண்ணெயில் மிதக்கவிடாமல் வதக்கினால் போதும். ஆனால் உருளைக்கிழங்கு, மரவள்ளி, சேம்பு, வற்றாளை, ஈரப்பலா இவை காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும். சோற்றுக்கு உருளைக்கிழங்குக் கறி என்றால் இரண்டு சோறு சாப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாழையிலையில் ஏழு கறி வரும் நாளில் பயப்பட வேண்டாம். கறிகளில் பல காயும் பருப்பும்தான், ஏற்றுவது நடுவில் குவியும் சோறும் கடைசியில் வரும் இனிப்பும். கறிகளை முதலில் சாப்பிடுங்கள், சோற்றைப் பின்னால் தொடுங்கள். காயையும் புரதத்தையும் முன்னால் சாப்பிட்டு மாவைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இரண்டாவது தடவை சோறு போட வரும்போது இலைமேல் கையை வைத்து "கறி மட்டும் போதும்" என்று சொல்லலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

பானம்தான் பலரை மறைவாகக் கெடுக்கிறது. பால் தேநீருக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, நாளைக்கு நான்கு தேநீர்: 8 தேக்கரண்டி, அதாவது 32 முதல் 40 கிராம். ஒவ்வொரு தேநீரிலும் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் பலர் பத்து நாளில் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். குளிர்பானக் குப்பியில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று படியுங்கள். 10 என்று இருந்தால் 330 மில்லி டப்பாவில் 33 கிராம். அலூடா (இனிப்புப் பால் பானம்), கரும்புச் சாறு, 'சர்க்கரை சேர்க்காத' பழச்சாறு எல்லாம் இதே வரிசைதான். நம் தீவு ஏற்றுமதி செய்யும் டெமராரா, மஸ்கொவாடோ பழுப்புச் சர்க்கரைகள் மணத்தில் வேறு, இரத்தத்தில் வெள்ளைச் சர்க்கரைதான். வெல்லமும் தேனும் அப்படியே.

டிசம்பரில் லிச்சி வரும்போது கொத்தை அப்படியே மடியில் வைத்துக்கொள்ளாமல் எண்ணிக் கிண்ணத்தில் போடுங்கள். 10 லிச்சியில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து. ஒரு வேளைக்கு அதுவே எல்லை.

பாகற்காய், இங்கே மார்கோஸ், நல்ல காய். ஆனால் அதன் சாற்றைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துபவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. மாத்திரையோடு சேர்த்து நிறையக் குடித்தால் சர்க்கரை கீழே விழவும் கூடும். கறியாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

நடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, அதிலும் ஒவ்வொரு பெரிய சாப்பாட்டுக்குப் பின் 10–15 நிமிடம். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது. மழை பெய்தால் வராந்தாவிலேயே நடக்கலாம்.

மாத்திரையும் ஊசியும்

முதலில் தருவது பெரும்பாலும் மெட்ஃபோர்மின். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் எடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வயிறு புரட்டலாம், பேதியாகலாம். அதற்காகத்தான் 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தாங்க முடியவில்லை என்றால் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது. பல வருடம் எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சைவர்கள் முக்கியமாக.

கிளிக்லசைடு போன்றவை வேறு மாதிரி. கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்பவை; மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரியும். வெறும் வயிற்றில் ரம் குடித்துவிட்டுப் படுத்தாலும் அப்படியே. உங்கள் மாத்திரை எந்த வகை என்று மருந்து கொடுப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் வரவைக்குமா?" பதிலை அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரிவு என்பது 4.0க்குக் கீழ். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், பேச்சு குழறும், எரிச்சல் வரும். அப்போது செய்ய வேண்டியது:

1. மூன்று முதல் நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், அல்லது சாதாரணக் குளிர்பானம் 150 மில்லி. 'லைட்' வகை உதவாது. சாக்லேட்டும் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.
2. 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். இன்னும் 4க்குக் கீழ் என்றால் மறுபடியும் அதே அளவு.
3. ஏறிய பின் ஒரு துண்டு ரொட்டியோ இரண்டு பிஸ்கட்டோ.
4. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 114இல் சாமுவை (அவசர மருத்துவ சேவை) அழையுங்கள்.

இன்சுலின் எழுதிக் கொடுத்தால் 'கடைசிக் கட்டம்' என்று எண்ண வேண்டாம். ஆண்டுகள் போகப் போகக் கணையம் களைத்துப்போகும். வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவே. பெரும்பாலான பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர் ஊசியே போதும். போட்டபின் பத்து எண்ணும்வரை ஊசியை வெளியே எடுக்காதீர்கள். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோலடியில் கட்டி தட்டும். அந்தக் கட்டியில் போட்ட மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. காரணமே தெரியாமல் எண் துள்ளினால் முதலில் வயிற்றைத் தடவிப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. குழந்தையோ இளைஞரோ திடீரென்று மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, படுக்கையை நனைத்து, வயிற்றுவலி, வாந்தி என்று வந்தால் அது முதல் வகையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை, மறுநாள்வரை பொறுக்கக் கூடாது.

பாதம்

நம் மக்கள் மிகவும் இழப்பது இங்கேதான், காப்பாற்ற மிக எளிதானதும் இதுவே. சர்க்கரை நரம்பைக் கெடுத்தால் பாதம் மரத்துவிடும். சவாட்டின் (ரப்பர் செருப்பின்) வார் விரலிடுக்கை அறுத்தாலும் தெரியாது. கடற்கரையில் பவளக்கல் சில்லு ஏறினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தப் புண் ஆறாது. புகைப்பவர்களுக்கு இரட்டை ஆபத்து.

வீட்டிலேயே ஒரு சோதனை. நீங்கள் கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒரு நொடி இலேசாகத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. தொட்டது தெரிந்தவுடன் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது. அரசு மருத்துவமனையின் பாதப் பராமரிப்புப் பிரிவுக்குக் கேட்டுப் போங்கள்.

இரவில் கால் கழுவும்போது வெந்நீரை முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். விரலிடுக்குகளைத் துடைத்துக் காய வையுங்கள். எண்ணெயோ களிம்போ குதிகாலில் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி வைத்துப் பாருங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். காலாணியைப் பிளேடால் சீவாதீர்கள், அமிலப் பட்டையும் ஒட்டாதீர்கள். புண் தெரிந்தால் கழுவி, மூடி, மறுநாளே காட்டுங்கள். ஒரு பாதம் மட்டும் வலியில்லாமல் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அதில் எடையூன்றாமல் அன்றே போங்கள், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

இனிக் காவடி. தைப்பூசம் வருவது இங்கே கடுங்கோடையில், தார்ச்சாலை கொதிக்கும். உணர்வுள்ள பாதம் சூட்டைக் கண்டு தானே விலகும், மரத்த பாதம் அப்படியே நிற்கும், மாலையில்தான் கொப்புளம் தெரியும். ஆகவே விரதம் தொடங்கும் முன் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். உணர்வு குறைந்தவரோ முன்பு காலில் புண் வந்தவரோ வெறுங்காலோடு நடக்கவும் தீமிதிக்கவும் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. காவடியைப் பிள்ளையோ தம்பியோ எடுக்கட்டும். நீங்கள் கோயிலில் அபிஷேகத்தில் நில்லுங்கள். முருகன் வேண்டுதலைத் தள்ளிவிட மாட்டான். எச்பிஏ1சி அதிகமாக இருக்கும் ஆண்டில் அலகு குத்துவதையும் தள்ளிப்போடுங்கள், அந்தத் துளைகள் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும்.

விரதத்துக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். சைவம் மட்டும் என்றால் மாத்திரையில் பெரிய மாற்றம் தேவைப்படாது, பருப்பைக் கூட்டிச் சோற்றைக் கூட்டாமல் இருந்தால் சரி. நாள் முழுக்க உண்ணாமல் இருப்பதென்றால் கிளிக்லசைடும் இன்சுலினும் அளவு மாற வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பட்டினியிலும் நீர் வற்றலிலும் அவை இரத்தத்தில் அமிலத்தை ஏற்றக்கூடும். இடையில் 3.9க்குக் கீழோ 16.6க்கு மேலோ வந்தால் விரதத்தை அங்கேயே முடியுங்கள்.

ஆண்டுக்கொரு முறை

பார்வை தெளிவாக இருந்தாலும் விழித்திரைப் படம் எடுக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு நோய் தெரிந்த உடனே ஒன்று, பிறகு ஆண்டுதோறும். மோக்காவில் பாரதியார் பெயர் தாங்கிய கண் மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். பார்வை மங்கும்வரை அதற்குப் போகக் காத்திருக்காதீர்கள். சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கொழுப்பு, இரத்த அழுத்தம் இவையும் பட்டியலில் இருக்க வேண்டும். அச்சாறையும் உப்புக் கருவாட்டையும் குறைப்பது அழுத்தத்துக்காக.

வீட்டில் மற்றவர்கள்

1987இல் இங்கே நடந்த ஆய்வு இந்திய வம்சாவளியினர், கிரியோல் மக்கள், சீனர் எல்லோரிடமும் நீரிழிவு மிகுந்திருப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் அரசு ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. அடுத்த ஐந்தாண்டில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் இறங்கியது. சமையலறையில் நடக்கும் மாற்றம் எண்ணில் தெரியும் என்பதற்கு நம் தீவே சாட்சி.

உங்களுக்கு வந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் வெறும் வயிற்றில் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த மகளோ மருமகளோ பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், பிறகும் விடாமல் பார்த்துவர வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. 2006இல் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் மட்டுமே நீரிழிவாக மாறும் ஆபத்தைச் சுமார் 28 சதவீதம் குறைத்தன. நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம் செய்த ஆய்வு அது.

காய்ச்சலும் புயலும்

காய்ச்சல் வந்தால் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். 4 மணி நேரத்துக்கொரு முறை குத்துங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி, பேதி நிற்காவிட்டால் மெட்ஃபோர்மினையும் மேலே சொன்ன 'கிளிஃப்ளோசின்' வகையையும் அன்றைக்கு நிறுத்தலாமா என்று உடனே கேளுங்கள்.

நவம்பரில் புயல் காலம் தொடங்கும் முன்பே ஒரு பை தயாராகட்டும். மூன்றாம் புயல் எச்சரிக்கைக்குப் பிறகு மருந்தகம் தேடிப் போக முடியாது. இரண்டு வார மாத்திரை, கருவி, பட்டை, மாற்று மின்கலம், சர்க்கரைப் பொட்டலம், பிஸ்கட், குடிநீர், நெகிழிப் பையில் சுற்றிய மருத்துவமனை அட்டை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் பனிக்கட்டிமேல் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள், நெகிழிப் பையில் கட்டி, நிழலில் வைத்தால் தாங்கும். வெளியே எடுத்த நாளைக் குப்பியில் எழுதுங்கள். 30 டிகிரி தாண்டாத இடத்தில் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரும்.

பைக்குப் பக்கத்தில் மூடிய காலணி ஒரு ஜோடி. புயல் ஓய்ந்த காலையில் முற்றமெல்லாம் தகரமும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும். சவாட்டோடு இறங்காதீர்கள்.